மெக்லஸ்கிகஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்க்கண்ட் காட்டுக்குள் ஆங்கிலோ இந்தியர்கள் தங்களுக்கென்று ஓர் ஊரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. நம்பிய பிறகு கேள்விகளை அடுக்குகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். நான் வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம்; அடுத்த தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பழக்கத்தில்தான் இந்த ஊரின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. தெரிந்தவரை பதில் எழுதி வைக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது?

ராஞ்சிக்கு வடமேற்கே, சாலை வழியாக ஏறக்குறைய 60 முதல் 65 கிலோமீட்டர். ராஞ்சி மாவட்டம், கலாரி வட்டாரம். சோட்டா நாக்பூர் பீடபூமியில் சுமார் 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் சால் மரக்காடு, சின்னச் சின்னக் குன்றுகள், மழைக்குப் பொங்கி வெயிலுக்கு ஒடுங்கும் ஓடைகள். பர்காகானாவிலிருந்து டால்டன்கஞ்ச் பக்கம் போகும் ரயில் பாதையில் ஊர்ப் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு. 'கஞ்ச்' என்றால் சந்தை, வணிகம் நடக்கும் இடம். மெக்லஸ்கி என்பது ஊரை உண்டாக்கியவரின் குடும்பப் பெயர். உள்ளூரில் பலருக்கு வெறும் 'கஞ்ச்' என்றாலே போதும்.

ஆங்கிலோ இந்தியர் என்றால் யார்? இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர்களா?

இல்லை. ஐரோப்பியத் தந்தை வழியும் இந்தியத் தாய் வழியும் கலந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் 'சட்டைக்காரர்' என்று சொல்வோமே, அவர்கள்தான். ஐரோப்பாவில் பிறந்து வந்தவர்களுக்கு வாரிசாக, கலப்பில்லாமல் இங்கேயே குடியிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைக் 'குடியமர்ந்த ஐரோப்பியர்' என்று அன்றைய சர்க்கார் தனியாக எண்ணியது. கஞ்சுக்கு இரண்டு வகையினரும் வந்தார்கள்.

இவர்கள் கதை ஒருவகையில் நம்ம சென்னையிலேயே தொடங்குகிறது. 1687-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்கப்படுத்த வேண்டும், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் ஆள் வேண்டியிருந்தது. நூறு வருஷம் கழித்து ஆள் பெருகியதும் கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது. 1791-இல் கலப்புக் குழந்தைகளுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பதவிகளை மூடினார்கள். 1795-இல் ராணுவத்தில் மிச்சம் விட்டது குழல் ஊதுவது, முரசு அடிப்பது, பேண்டு வாசிப்பது, குதிரைக்கு லாடம் கட்டுவது மாதிரியான வேலைகளை மட்டும். பிறகு ரயிலும் தந்தியும் வந்தபோது திரும்பவும் ஆள் தேவைப்பட்டது, திரும்பவும் கூப்பிட்டார்கள். தேவைக்குக் கூப்பிடுவது, தேவை தீர்ந்தால் தள்ளுவது என்ற இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால், 1933-இல் ஒரு கூட்டம் காட்டுக்குப் போனதன் காரணம் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி?

வேலை போனது. எஞ்சின் டிரைவர், கார்டு, தந்தி ஆபரேட்டர், சுங்க அதிகாரி ஆகிய வேலைகள் இரண்டு மூன்று தலைமுறையாக இவர்களுக்கு ஏறக்குறையப் பரம்பரைச் சொத்து மாதிரி இருந்தன. கல்லூரிப் படிப்பு தேவையில்லை, அப்பா வேலைக்குப் பிள்ளை போகலாம், குவார்ட்டர்ஸ் உண்டு. 1919 சீர்திருத்தங்களுக்குப் பிறகு அரசு வேலைகளில் இந்தியர்களை அதிகமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். நியாயமான காரியம்தான். ஆனால் அந்தப் படிகளில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இவர்கள். உச்சியில் இருந்த ஆங்கிலேயரின் நாற்காலி அசைவதற்கு முன்னால் இவர்களுடைய முக்காலி ஆட ஆரம்பித்துவிட்டது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் வேறு சேர்ந்துகொண்டது.

இங்கிலாந்துக்குப் போனால் இந்தியர், இந்தியாவில் இருந்தால் வெள்ளைக்காரனின் ஆள். அப்படிப்பட்ட நேரத்தில் 'நமக்கென்று ஒரு மண்' என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்கத்தானே தோன்றும்?

மெக்லஸ்கி யார்?

எர்னஸ்ட் டிமோத்தி மெக்லஸ்கி. கல்கத்தாவில் நிலம், வீடு வாங்கி விற்கும் தொழில் செய்தவர். வங்காளச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவரும் ஆங்கிலோ இந்தியர்தான். 1933-இல் 'இந்தியக் குடியேற்றச் சங்கம்' என்ற பெயரில் கல்கத்தாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு வாங்கினால் உறுப்பினர். உறுப்பினருக்குக் கஞ்சில் மனை. நாடு முழுக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். சங்கத்துக்கென்று மாதப் பத்திரிகையும் நடத்தினார்கள்.

மனிதர் நல்ல எண்ணத்தோடு செய்தாரா, ரியல் எஸ்டேட் மூளையோடு செய்தாரா என்று கேட்பார்கள். இரண்டும் இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். இரண்டும் சேர்ந்திராவிட்டால் இவ்வளவு பேரை நகர்த்தியிருக்க முடியாது. 1935-இல் இறந்துவிட்டார். தன் ஊரை இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் பார்க்கவில்லை.

நிலம் யாருடையது? எப்படிக் கிடைத்தது?

ராத்து மகாராஜாவிடமிருந்து குத்தகையாக, சுமார் 10,000 ஏக்கர். ராஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள ராத்துவில் அரண்மனை வைத்திருந்த சோட்டா நாக்பூர் நாகவம்ச அரச குடும்பம் அது. கொங்கா, லப்ரா, ஹெசாலாங் முதலிய கிராமங்களின் எல்லைக்குள் இந்த நிலம் பரவிக் கிடந்தது. அதாவது 'காலி இடம்' என்று எதுவும் இல்லை; ஏற்கெனவே ஊர்கள் இருந்தன, ஜனங்கள் இருந்தார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. குடியானவர்கள் ஏற்கெனவே உழுதுவந்த நிலத்தைத் தொடக்கூடாது. ஆறுகளும் குன்றுகளும் பொதுவாகவே இருக்கும். பழங்குடி மக்கள் பக்கமிருந்து பார்த்தால் இது நல்ல நிபந்தனை. குடியேறியவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது. இந்தப் பீடபூமியில் நிலம் இரண்டு வகை. பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் நெல் நிலத்தைத் 'தோன்' என்பார்கள். மேட்டில் செம்மண்ணும் சரளையுமாகக் கிடப்பது 'டாண்ட்'. நல்ல தோன் நிலமெல்லாம் எப்போதோ உழவர் கையில் இருந்தது. குத்தகைக்கு வந்தது பெரும்பாலும் காடும் மேடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நஞ்சை அவர்களிடம், புஞ்சையிலும் கடைசிப் புஞ்சை இவர்களிடம்.

அங்கே எப்படி வாழ்ந்தார்கள்?

நன்றாகத்தான் வாழ்ந்தார்கள், முதல் பத்து வருஷம். உச்சத்தில் 300 முதல் 400 குடும்பங்கள் வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். ஓட்டுக் கூரை, அகல வராந்தா, குளிர்காலத்துக்குக் கணப்பு அடுப்பு என்று பங்களாக்கள் கட்டினார்கள். ஒரு பங்களாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே தோட்டம், புதர், சில இடங்களில் ஓடையே ஓடும். மா, கொய்யா, லிச்சி வைத்தார்கள். கோழி, பன்றி, மாடு வளர்த்தார்கள். தேவாலயங்கள், ஒரு கிளப், அதில் சனிக்கிழமை நடனம், கிறிஸ்துமஸுக்கு ஊரே ஒன்றுகூடல். ரயில் நிற்கும் ஊராக இருந்ததால் கல்கத்தாவுக்குக் கடிதமும் பழக்கூடையும் போய்வந்தன.

இந்த ஊரை அவர்கள் 'முலுக்' என்றும் சொல்லிக்கொண்டார்கள். சொந்த நாடு என்று பொருள்படும் இந்துஸ்தானி வார்த்தை. 'ஹோம்' என்றால் இங்கிலாந்து என்று சொல்லியே வளர்ந்தவர்கள், தங்கள் ஊருக்கு ஒரு இந்துஸ்தானிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்புறம் ஏன் நிலைக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் 'சோம்பேறிகள், துரைமார் மாதிரி வாழ்ந்தார்கள், மண்ணில் கை வைக்கவில்லை' என்பது. எனக்கு இது ஒப்பவில்லை. எஞ்சின் ஓட்டுகிறவன் சோம்பேறியாக இருக்க முடியாது. மே மாத வெயிலில் பாய்லர் பக்கம் எட்டு மணி நேரம் நின்றவர்களைப் பற்றித்தான் இப்படிப் பேசுகிறோம்.

நடந்தது வேறு. ரயில்வே காலனி எப்படி உருவாகும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஒர்க்‌ஷாப் வரும். வேலை இருக்கும். வேலைக்கு ஆள் வரும், ஆளுக்கு வீடு வரும், வீட்டுக்குப் பள்ளிக்கூடம், சர்ச், கிளப் எல்லாம் வரும். பொன்மலை அப்படித்தான் வந்தது. மெக்லஸ்கிகஞ்சில் வரிசை தலைகீழ். வீடு, சர்ச், கிளப் எல்லாம் வந்துவிட்டன. வேலை மட்டும் கடைசிவரை வரவில்லை.

விவசாயம்தான் வேலை என்பது திட்டம். ஆனால் மாதாமாதம் சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு, விளைந்தால் உண்டு என்ற வாழ்க்கையின் கணக்கே வேறு. வந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். சேமிப்பையும் வருங்கால வைப்பு நிதியையும் கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டார்கள். கிணறு வெட்ட, மேட்டு நிலத்தைப் பண்படுத்த, நாலு வருஷம் காய்க்காத மாஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கையில் காசு மிச்சமில்லை. பழம் காய்த்தால், விற்கச் சந்தை தூரம். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகவில்லை. வைக்காவிட்டால் வயசு இடம் கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்து உராவ், முண்டா பழங்குடி உழவர்களுக்கு இந்த மேட்டு மண்ணில் என்ன விளையும், எப்போது விதைக்க வேண்டும் என்பது அத்துப்படி. ஆனால் அவர்களிடம் பங்களாக்காரர்கள் கேட்டது வேலைக்கு ஆள் மட்டுமே. யோசனை கேட்டதாகத் தெரியவில்லை. இதுதான் அவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். பெரிய பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. வாலிபப் பிள்ளைகள் கல்கத்தாவுக்கே திரும்பினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்திலும் ரயில்வேயிலும் திடீரென்று வேலை கிடைத்தது. இருந்த கொஞ்சம் இளைஞர்களும் கிளம்பிவிட்டார்கள். 1947 வந்தது. பயம் பாதி, ஆசை பாதியாக பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். வீடுகள் வந்த விலைக்குப் போயின. போக முடியாதவர்களும் போக மனமில்லாதவர்களும் தங்கினார்கள்.

பேய் ஊர், குட்டி இங்கிலாந்து என்றெல்லாம் எழுதுகிறார்களே?

பத்திரிகைகளுக்கு இந்த இரண்டு பட்டமும் கற்கண்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேமராவோடு போய் இடிந்த பங்களா, வயதான மூதாட்டி, துருப்பிடித்த கேட் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 'குட்டி இங்கிலாந்து' என்பதில் இங்கிலாந்து எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஓடு வேய்ந்த வீடும் மாந்தோப்பும் இங்கிலாந்தா?

'பேய் ஊர்' அதைவிட மோசம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாழ்கிற, வாரச் சந்தை கூடுகிற, மாணவர்கள் சைக்கிளில் போகிற ஊர் அது. குறைந்தது ஆங்கிலோ இந்தியர்கள் மட்டுமே. அவர்கள் போனதால் ஊரே காலி என்று எழுதினால், அதற்கு முன்னும் பின்னும் அங்கேயே இருப்பவர்கள் ஜனத்தொகையில் சேர்த்தி இல்லை என்று ஆகிறது.

சரி, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?

உராவ், முண்டா, கஞ்சு (இது ஒரு சமூகத்தின் பெயர், ஊர்ப் பெயர் இல்லை) முதலிய சமூகத்தினர், முஸ்லிம்கள், பிகார் பக்கமிருந்து வந்த வியாபாரிகள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், அப்புறம் ஒரு சிறு எண்ணிக்கையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவை இருபது முப்பதுக்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வங்காளிகளும் கொஞ்சம் பேர் உண்டு. ஆங்கிலோ இந்தியர்கள் கிளம்பியபோது, கல்கத்தாவின் வசதியான குடும்பங்களும் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் சில பங்களாக்களை ஓய்வு இல்லமாக வாங்கினார்கள்.

தங்கிவிட்ட ஆங்கிலோ இந்தியர்களில் அடுத்த தலைமுறை பலவிதமாகக் கலந்துவிட்டது. பழங்குடிக் குடும்பங்களில் திருமணம் செய்தவர்கள் உண்டு. வீட்டில் ஆங்கிலமும் இந்தியும் கலந்து ஓடும். கடைத்தெருவில் சாத்ரி மொழி, அதாவது நாக்புரி, எல்லாருக்கும் பொது.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. உராவ் மக்களின் தாய்மொழி குடுக். அது திராவிட மொழி. நமக்குக் கண், அவர்களுக்கு 'க்ஹன்'. நமக்குப் பல், அவர்களுக்கும் 'பல்'. நீ என்பது 'நீன்'. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' குடுக்கிலும் 'நாம்'தான். கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்லும் 'நாங்கள்' அங்கே 'ஏம்'. சுற்றியிருக்கும் இந்தியில் இந்த வேற்றுமையே கிடையாது, 'ஹம்' ஒன்றுதான். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு காட்டுக் கிராமத்தில் ஒருவர் நாமையும் நாங்களையும் பிரித்துப் பேசுகிறார் என்பது, என் வரையில், இடிந்த பங்களாக்களைவிடப் பெரிய அதிசயம்.

ஊர் திரும்ப எழுந்தது ஒரு பள்ளிக்கூடத்தால் என்கிறார்களே?

உண்மைதான். 1997-இல் டான் பாஸ்கோ அகாடமி அங்கே தொடங்கப்பட்டது. ஆங்கில வழிப் பள்ளி. பிகார், ஜார்க்கண்ட் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கு எல்லாப் பிள்ளைகளையும் தங்க வைக்க இடமில்லாததால், பங்களாக்காரர்கள் தங்கள் வீடுகளை விடுதி ஆக்கினார்கள். பத்து அறையில் இரண்டு பேர் கிடந்த வீட்டில் முப்பது பையன்கள். சமையல்காரர், காவல்காரர், பால்காரர் எல்லாருக்கும் வேலை.

கவனித்தீர்களா? அறுபது வருஷம் கழித்துத்தான் அந்த வீடுகளுக்கு ஏற்ற ஒரு தொழில் வந்தது. மண்ணைக் கிண்டத் தெரியாத குடும்பங்களுக்குப் பிள்ளைகளை அதட்டிச் சாப்பிட வைக்கவும் ஆங்கிலத்தில் வீட்டுப்பாடம் சொல்லித்தரவும் நன்றாகவே தெரிந்திருந்தது.

நக்சல் பகுதி என்று பயமுறுத்துகிறார்களே?

ஒரு காலத்தில் இருந்த பயம் பொய்யில்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் அந்தப் பகுதி முழுக்க மாவோயிஸ்டு நடமாட்டம் இருந்தது. இருட்டினால் வெளியே போகமாட்டார்கள். இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. போகிறவர்கள் ராஞ்சியில் விசாரித்துவிட்டு, பகலில் பயணம் வைத்துக்கொண்டால் போதும். இன்றைக்கு அங்கே உண்மையான தொல்லை நிலக்கரி லாரிதான். கலாரி, பிப்பர்வார் பக்கம் சுரங்கங்கள் இருப்பதால் சாலையில் தூசு பறக்கும்.

இதற்கு முன்னால் இப்படி ஒரு முயற்சி நடந்ததுண்டா?

நடந்திருக்கிறது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு. சென்னையில் ஆங்கிலோ இந்தியர் சங்கத்தை உருவாக்கிய டி. எஸ். ஒயிட் என்பவரின் முயற்சியில், 1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் 3,900 ஏக்கர் கொடுத்தார். அங்கேயும் அதே கனவு: வட்டமாக ஒரு கிராமம், சுற்றி வயல், உழுது பிழைக்கும் ஆங்கிலோ இந்தியர்கள். அங்கேயும் கடைசியில் ஓய்வு பெற்றவர்களின் ஊராகத்தான் நின்றது. ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு அந்தப் பழைய உள்வட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெக்லஸ்கிக்கு ஒயிட்ஃபீல்டின் கதை தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்தும் அதே தப்பை ஏறக்குறைய இரண்டரை மடங்கு நிலத்தில் செய்தார்.

தமிழ்நாட்டில் ஏன் அப்படித் தனி ஊர் இல்லை?

தேவைப்படவில்லை. பெரம்பூர், ராயபுரம், பரங்கிமலை, அரக்கோணம், ஜோலார்பேட்டை, பொன்மலை, போத்தனூர் எல்லாமே பாதி அவர்கள் ஊர்தானே. ரயில்வே இருந்தவரை குவார்ட்டர்ஸ் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தவரை சமூகம் சேர்ந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதே பேட்டையில் ஒரு வாடகை வீடு.

அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் தனி இடம் இருந்ததே, இப்போது உண்டா?

இல்லை. அரசியல் சாசனத்தின் 331-ஆவது பிரிவுப்படி மக்களவைக்கு இரண்டு ஆங்கிலோ இந்தியர்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்க முடிந்தது. 333-ஆவது பிரிவுப்படி மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஆளுநர் ஒருவரை நியமிக்க முடிந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234-க்கு மேல் ஒரு நியமன உறுப்பினர் இருந்தது அதனால்தான். ஜார்க்கண்டிலும் 81-க்கு மேல் ஒருவர் இருந்தார். 104-ஆவது திருத்தம் இந்த ஏற்பாட்டை நீட்டிக்காமல் விட்டது. 2020 ஜனவரியோடு முடிந்துபோனது.

ஆனால் 366-ஆவது பிரிவில் 'ஆங்கிலோ இந்தியர் யார்' என்ற விளக்கம் இன்றும் இருக்கிறது. தந்தை வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும். தாய் வழியில் இருந்தால் கணக்கில் வராது. கஞ்சிலிருந்து ஆங்கிலோ இந்தியப் பெண் உள்ளூர்க்காரரை மணந்தால், பிள்ளைகள் சட்டப்படி ஆங்கிலோ இந்தியர் இல்லை. ஊரில் எத்தனைக் குடும்பம் மிச்சம் என்று ஆளுக்கு ஒரு எண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்கள் சாப்பாடு எப்படி?

நமக்கு அன்னியமாக இருக்காது. கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் மஞ்சள் சோறும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. 'பெப்பர் வாட்டர்' என்பது நம் மிளகு ரசமேதான். 'முலிகட்டானி' சூப்பின் பெயரில் நம் மிளகுத்தண்ணீர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சுடும் 'ரோஸ் குக்கீஸ்' நம்ம அச்சு முறுக்கு. கேக்குக்கு உலர்பழங்களை ரம்மில் ஊறப்போடுவது ஒன்றுதான் நம் வீட்டுக் கைப்பழக்கத்தில் இல்லாதது.

எப்போது போகலாம்? எப்படிப் போவது?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். என்னைக் கேட்டால் மார்ச் மாதம். அப்போது பலாஷ் பூத்துக் காடு முழுக்கச் செந்நிறமாக இருக்கும். பலாஷ் என்றால் புரசு, புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். கூடவே மகுவா பூ உதிரும் காலம். மகுவா நம்முடைய இலுப்பைதான். விடியற்காலையில் பெண்கள் கூடையோடு பூப் பொறுக்குவார்கள். ஊரே லேசாகப் புளித்த வெல்லம் மாதிரி மணக்கும்.

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக ராஞ்சிக்குப் போக ஆலப்புழை - தன்பாத் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிற ஜார்க்கண்ட் ஜனங்களை அதில் நிறையப் பார்க்கலாம். பேச்சுக் கொடுத்தால் வழி நெடுகச் சொல்லித்தருவார்கள். ராஞ்சியிலிருந்து பிஜுபாரா, கலாரி வழியாகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கல்கத்தாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஹவுரா - ஜபல்பூர் சக்திபுஞ்ச் எக்ஸ்பிரஸ் அந்த ஸ்டேஷன் வழியாகவே போகிறது. தங்குவதற்குச் சில விருந்தினர் இல்லங்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, சமையலுக்குச் சாமான் வாங்க வேண்டியிருக்கும்.

பங்களாக்களைப் பார்க்கிறேன் என்று கேட்டைத் திறந்து உள்ளே நுழையாதீர்கள். ஆள் குடியிருக்கும் வீடுகள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் அப்படியே, சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கே ஒரு பழைய பங்களா வாங்கிப் போடலாமா?

யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. அவசரப்படாதீர்கள். 1908-ஆம் வருஷத்துச் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பழங்குடியினரின் நிலத்தை வெளியாட்கள் வாங்க அது தடை போடுகிறது. ஆங்கிலோ இந்தியரிடமிருந்து வந்த மனையா, பழங்குடிக் குடும்பத்தின் நிலமா, நடுவில் எத்தனை கை மாறியது, 1933 குத்தகையில் எந்தப் பகுதி என்பதெல்லாம் பத்திரத்தில் ஒன்றாகவும் களத்தில் வேறாகவும் இருக்கக்கூடும். ராஞ்சியில் நிலச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அப்படியே வாங்கினாலும், கிணற்றில் மே மாதம் தண்ணீர் நிற்கிறதா என்று பக்கத்து உழவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.